ஹீட் ஸ்ட்ரோக்கா, வெப்பச் சோர்வா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெயிலில் ஒருவர் சுருண்டு விழுந்ததும் சுற்றிக் கூட்டம் கூடிவிடும். "தண்ணி குடு" என்பார் ஒருவர், "குடுக்காதே" என்பார் இன்னொருவர். "உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுது, இது ஹீட் ஸ்ட்ரோக் இல்ல" என்று மூன்றாமவர் தீர்ப்பே சொல்லிவிடுவார். மூன்று பேரில் அந்த மூன்றாமவரிடம்தான் எனக்குப் பயம். ஏன் என்பது கீழே வரும். அவசரத்தில் இருப்பவர்கள் முதல் கேள்வியை மட்டும் படித்துவிட்டு ஆக வேண்டியதைப் பாருங்கள். மற்றதை நிதானமாகப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

பக்கத்தில் ஒருவர் வெயிலில் சோர்ந்து கிடக்கிறார். எது என்று உடனே எப்படித் தெரிந்துகொள்வது?

பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். தலை சுற்றுகிறது, குமட்டுகிறது, நிற்க முடியவில்லை என்று அவரே கோர்வையாகச் சொன்னால் பெரும்பாலும் வெப்பச் சோர்வு. உளறினால், நாக்குக் குழறினால், காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தால், வலிப்பு வந்தால், கூப்பிட்டும் எழாவிட்டால் ஹீட் ஸ்ட்ரோக் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள். அது வரும்வரை அவரைத் தண்ணீரால் குளிர வைத்துக்கொண்டே இருங்கள். வியர்வை, தோலின் நிறம், நாடித்துடிப்பு எல்லாம் அப்புறம்.

இரண்டும் ஒரே கோளாறுதானே? ஒன்று சின்னது, இன்னொன்று பெரியது, அவ்வளவுதானே?

பாதி சரி. உடம்பு ஓயாமல் சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. ஓடினாலோ பாரம் தூக்கினாலோ அது பல மடங்கு கூடும். இந்தச் சூட்டை வெளியே தள்ள உடம்பு முக்கியமாக நம்பியிருப்பது இரண்டு வேலைகளை: ரத்தத்தைத் தோலுக்குத் திருப்பிவிடுவது, வியர்ப்பது. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டு போய்விடும். அசாத்தியமான ஏற்பாடு.

வெப்பச் சோர்வில் இந்த ஏற்பாடு இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் கைவசம் உள்ளது போதவில்லை. வியர்த்து வியர்த்து நீரும் உப்பும் போய்விட, ரத்தத்தின் அளவு குறைகிறது. இருக்கிற ரத்தத்தைத் தோலும் தசையும் மூளையும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். இதயம் வேகமாக அடித்தும் ஈடுகொடுக்க முடியாமல் தலைசுற்றலும் தளர்ச்சியும் வருகின்றன. உடலின் உள் வெப்பநிலை சாதாரணமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கும்; பொதுவாக 40 டிகிரி செல்சியஸைத் தாண்டாது.

ஹீட் ஸ்ட்ரோக்கில் அந்த 40 டிகிரி கடந்துவிடுகிறது, கட்டுப்பாடும் கைவிட்டுப் போய்விடுகிறது. சூடே நேரடியாகச் செல்களைச் சிதைக்கிறது. தோலுக்கு ரத்தத்தை அனுப்புவதற்காகக் குடலுக்குப் போகும் ரத்தத்தை உடம்பு வெகுநேரம் குறைத்துவிட்டதால் குடலின் சுவர் கசியத் தொடங்கும். உள்ளே இருக்கும் பாக்டீரியாக்களின் நச்சு ரத்தத்தில் கலக்கும். கடுமையான நோய்த்தொற்று வந்தவருக்கு நடப்பதுபோல உடம்பு முழுவதும் அழற்சி பரவி, ரத்தம் உறையும் முறை குலைந்து, கல்லீரல், சிறுநீரகம், தசைகள் என்று ஒவ்வொன்றாக அடி வாங்கும். இதில் வெளியே இருப்பவர் கண்ணுக்கு முதலில் தெரிவது மூளையின் தடுமாற்றம்தான். அதனால்தான் முதல் பதிலில் பேச்சைக் கவனிக்கச் சொன்னேன்.

மீதிப் பாதி ஏன் சரியில்லை என்றால், இது எப்போதும் படிப்படியாக ஏறும் ஏணி இல்லை. கவனிக்காமல் விட்ட வெப்பச் சோர்வு ஹீட் ஸ்ட்ரோக்காக மாறலாம். ஆனால் கடுமையாக ஓடிக்கொண்டிருப்பவர், நடுவில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நேராக ஹீட் ஸ்ட்ரோக்கிலேயே போய் விழவும் கூடும். முதலில் சோர்வு வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது.

வியர்வை நின்று தோல் காய்ந்து போனால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று படித்திருக்கிறேனே?

நானும் அப்படித்தான் படித்தேன். இந்த விஷயத்தில் அதிகம் கெடுதல் செய்யும் பாதி உண்மை இதுதான்.

ஹீட் ஸ்ட்ரோக்கில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வெப்ப அலை நாட்களில் வீட்டுக்குள் இருக்கும் வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் வருவது. இது இரண்டு மூன்று நாட்களாக மெல்ல மெல்ல ஏறும். அவர்களுக்கு வியர்வை பெரும்பாலும் நின்றிருக்கும், தோல் காய்ந்து சுடும். வறண்ட தோல் என்ற அடையாளம் வந்தது இவர்களைப் பார்த்துத்தான்.

இன்னொன்று கடும் உழைப்பால் வருவது. விளையாட்டு வீரர்கள், ராணுவப் பயிற்சியில் இருப்பவர்கள், கட்டட வேலை, வயல் வேலை, உலைப் பக்க வேலை செய்பவர்கள். பெரும்பாலும் இளவயது, நல்ல ஆரோக்கியம். ஒரு மணி நேரத்துக்குள்ளேயேகூட வந்துவிடும். இவர்களில் பெரும்பாலோர் விழும்போது தொப்பலாக நனைந்திருப்பார்கள். தொட்டால் தோல் குளிர்ச்சியாகக்கூட இருக்கலாம், ஆனால் உள்ளே 41 டிகிரி இருக்கும்.

வியர்வை சுரப்பது வேறு, அது ஆவியாவது வேறு. காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். சொட்டிப் போன வியர்வையால் உடம்பு குளிர்வதில்லை, தண்ணீர்தான் வீண். ஆகவே காய்ந்த தோலைக் கண்டால் பயப்படுங்கள், சரி. நனைந்த தோலைக் கண்டு நிம்மதி அடையாதீர்கள்.

புத்தி தெளிவாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? சோர்வில் இருப்பவர் கொஞ்சம் மந்தமாகத்தானே பேசுவார்?

மந்தமாகப் பேசுவது வேறு, பொருத்தமில்லாமல் பேசுவது வேறு. பெயரைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் சொந்தப் பெயர் வெகுநேரம் நினைவில் நிற்கும். இன்று என்ன கிழமை, இங்கே எதற்கு வந்தீர்கள், கூட வந்தது யார் என்று கேளுங்கள். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள். சோர்ந்தவர் அலுத்துக்கொண்டே சொல்லிவிடுவார். ஹீட் ஸ்ட்ரோக்கில் இருப்பவர் நடுவில் தொலைந்து போவார்.

இதில் ஏமாற்றும் காட்சி ஒன்று உண்டு. பந்தயம் முடிந்து கோட்டைத் தாண்டி வந்தவர் "எனக்கு ஒண்ணுமில்ல, விடுங்க" என்று திடமாகச் சொல்வார். கூட்டமும் நம்பிவிடும். அடுத்த நிமிடமே "இன்னும் எவ்வளவு தூரம் ஓடணும்?" என்பார். உழைப்பால் வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் இப்படிச் சிறிது நேரம் தெளிவாக இருந்துவிட்டுப் பிறகு சட்டென்று சரிவது உண்டு. நடையையும் பாருங்கள்: குடித்தவர்போலத் தள்ளாடுகிறாரா, பட்டனைப் போடத் தெரியாமல் திணறுகிறாரா?

அவரை அறிந்தவர் பக்கத்தில் இருந்தால் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "இவர் எப்பவும் இப்படித்தானா?" சாதுவானவர் திட்டுகிறார், வாயாடி வாயே திறக்கவில்லை என்றால் அதுவே பதில். வெப்பச் சோர்வில் லேசான எரிச்சலும் குழப்பமும் வரலாம் என்பது உண்மைதான். ஆனால் நிழலில் படுக்க வைத்த சில நிமிடங்களில் அது தெளிந்துவிடும். தெளியவில்லையா, இனி யோசிக்க எதுவும் இல்லை.

தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

வாய், அக்குள், காது, நெற்றி எல்லாமே இந்தச் சமயத்தில் பொய் சொல்லும். வியர்வையாலும் காற்றாலும் தோல் குளிர்ந்திருக்கும், வாயால் மூச்சு வாங்குவதால் வாயும் குளிர்ந்திருக்கும். உள் வெப்பநிலையை நம்பகமாகக் காட்டுவது ஆசனவாய் வழியே எடுக்கும் அளவுதான். பந்தயங்களின் மருத்துவக் கூடாரங்களில் அதைத்தான் செய்கிறார்கள். தெருவில் நிற்கும் நமக்கு அது ஆகாத காரியம்.

கையில் இருக்கும் கருவி அதிகமாகக் காட்டினால் நம்புங்கள். குறைவாகக் காட்டினால் நம்பாதீர்கள். 40 என்ற எண்ணும் வேலிபோல நடப்பட்டது இல்லை, 39.7 காட்டுகிறது, ஆனால் ஆள் உளறுகிறார் என்றால் உளறலுக்குத்தான் மதிப்பு.

வெப்பச் சோர்வு என்று தெரிந்தால் என்ன செய்வது?

அறிகுறிகள் இவைதான்: அதிக வியர்வை, வெளிறிய ஈரத் தோல், தாகம், தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வேகமான நாடி, தசைப்பிடிப்பு. வேலையை நிறுத்தி நிழலுக்கோ குளிர்ச்சியான அறைக்கோ கொண்டு போங்கள். படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். ஷூ, பெல்ட், இறுக்கமான உடைகளைத் தளர்த்திவிட்டு ஈரத் துணியால் துடைத்து விசிறுங்கள். தண்ணீரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள்.

அரை மணி நேரத்தில் முகம் தெளிய வேண்டும். தெளியாவிட்டாலோ, குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தாலோ மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே சலைன் ஏற்ற வேண்டியிருக்கும். இதய நோய், சிறுநீரக நோய் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் விஷயத்தில் அந்த அரை மணி நேரம்கூடக் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. தேறியவர் அன்றே மறுபடி வேலைக்குப் போகக் கூடாது. "இப்ப பரவாயில்ல, மிச்சத்தையும் முடிச்சிடறேன்" என்பவரைக் கட்டாயமாக உட்கார வைக்க வேண்டும்.

ஹீட் ஸ்ட்ரோக் என்று சந்தேகம். முதலில் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதா, தண்ணீர் ஊற்றுவதா?

ஒருவர் போன் செய்யட்டும், மற்றவர்கள் குளிரவைக்கும் வேலையை அந்த நொடியே தொடங்கட்டும். காரில் போட்டுக்கொண்டு நெரிசலில் நிற்கும் நேரத்தில் மூளை வெந்துகொண்டிருக்கும். உழைப்பால் வரும் வகைக்கு "முதலில் குளிர வை, பிறகு கொண்டு போ" என்பதுதான் விளையாட்டு மருத்துவத்தின் விதி. எவ்வளவு சூடு என்பதைவிட எத்தனை நிமிடம் அந்தச் சூட்டில் இருந்தார் என்பதுதான் பிழைப்பதைத் தீர்மானிக்கிறது. அரை மணி நேரத்துக்குள் சூட்டை இறக்கிவிட வேண்டும் என்பது இலக்கு.

இந்த விதி எப்படிப் பலன் தருகிறது என்பதற்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடக்கும் ஃபால்மவுத் ஓட்டப்பந்தயம் நல்ல சாட்சி. கோடை நடுவில் 7 மைல் ஓட்டம். 18 ஆண்டுகளில் அங்கே 274 பேருக்கு ஹீட் ஸ்ட்ரோக் வந்தது பதிவாகியிருக்கிறது. முடிவுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே ஐஸ் தண்ணீர்த் தொட்டிகள் தயாராக இருக்கும். விழுந்தவரைத் தூக்கி அதில் இறக்கிவிடுவார்கள். அந்த 274 பேரில் ஒருவர்கூட இறக்கவில்லை. நவீனக் கருவி எதுவும் அங்கே இல்லை. தொட்டி, தண்ணீர், ஐஸ், தயங்காத ஆட்கள், அவ்வளவுதான்.

தொட்டி கிடைத்தால் கழுத்துவரை தண்ணீரில் இருக்கும்படி உட்கார வையுங்கள். அக்குள் வழியே துணியோ துண்டோ கொடுத்து ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், தலை ஒரு கணமும் மூழ்கக் கூடாது. தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருங்கள்; அசையாத நீரில் உடம்பைச் சுற்றி ஒரு வெதுவெதுப்பான படலம் உருவாகிவிடும். ஐஸ் தண்ணீரில் ஏறக்குறைய ஐந்து நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் இறங்கும். ஐஸ் இல்லையா, சாதாரணக் குழாய்த் தண்ணீரும் உதவும்.

தொட்டி இல்லாவிட்டால் தார்ப்பாயில் படுக்க வைத்து நாலு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே தண்ணீரையும் ஐஸையும் கொட்டலாம். அதுவும் இல்லாவிட்டால் ஹோஸ் பைப், வாளி, ஈரப் போர்வை. போர்வையைப் போட்டு மறந்துவிடாதீர்கள். சூடேறிய ஈரத் துணி கம்பளிபோல ஆகிவிடும், அதனால் மாற்றி மாற்றிப் போட வேண்டும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் ஐஸ் பை வைப்பது கூடுதல் உதவிதான். அதை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதாது.

வயதானவர்களையும் இதய நோயாளிகளையும் தொட்டியில் இறக்குவதற்குப் பதிலாக உடம்பு முழுவதும் நனைத்துப் பலமாக விசிறுவது பொருத்தம். மயங்கிக் கிடப்பவர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். மூச்சு நின்றால் மார்பு அழுத்தம் கொடுக்கத் தொடங்க வேண்டும். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உள் வெப்பநிலை 39 டிகிரிக்குக் கீழே வந்ததும் நிறுத்தலாம். அளக்க வழியில்லை என்றால் புத்தி தெளியும்வரை, அல்லது ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து பொறுப்பேற்கும்வரை தொடருங்கள்.

ஐஸ் தண்ணீர் ஊற்றினால் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, சூடு உள்ளேயே சிறைப்பட்டுவிடும் என்கிறார்களே?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அளந்து பார்த்தவர்கள் எல்லோரும் கண்டது ஐஸ் தண்ணீரில் அமிழ்த்துவதுதான் மிக வேகமாகச் சூட்டை இறக்குகிறது என்பதை. தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கும் அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். ரத்தக்குழாய்கள் கொஞ்சம் சுருங்கினாலும் அந்த வேகத்துக்கு முன்னால் அது ஒரு பொருட்டே இல்லை. நடுக்கம் வந்தாலும் பயந்து வெளியே எடுத்துவிட வேண்டாம்.

குடிக்கத் தண்ணீர் கொடுக்கலாமா?

தானே தம்ளரைப் பிடித்துக் குடிக்க முடிகிறவருக்குக் கொடுக்கலாம். உளறுபவருக்கும் அரை மயக்கத்தில் இருப்பவருக்கும் வாயில் ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போய்விடும். அவருக்கு இப்போது தண்ணீர் தேவைப்படுவது உடம்புக்கு வெளியேதான்.

பாராசிட்டமால் கொடுத்தால் சூடு இறங்காதா?

இறங்காது. காய்ச்சல் என்பது மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ், வேண்டுமென்றே உடம்பின் வெப்ப இலக்கை உயர்த்தி வைப்பது. பாராசிட்டமால் அந்த இலக்கைக் கீழே இறக்கும். ஹீட் ஸ்ட்ரோக்கில் இலக்கு மாறவே இல்லை. வெளியேறாத சூடு குவிந்துவிட்டது, அவ்வளவுதான். மாத்திரைக்கு அங்கே வேலையே இல்லை. ஏற்கனவே அடிபட்ட கல்லீரலுக்கு அது கூடுதல் சுமை. ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் இன்னும் மோசம்: ரத்தக் கசிவுக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் வழி திறந்துவிடும். உடம்பில் ஸ்பிரிட் தேய்ப்பதும் வேண்டாம், அது தோல் வழியே உள்ளே போகும்.

இன்று 33 டிகிரிதான். இதற்குப் போய் ஹீட் ஸ்ட்ரோக் வருமா?

வரும். வானிலை அறிக்கையில் சொல்லும் எண் நிழலில், காற்றோட்டமான இடத்தில் அளந்தது. உங்கள் உடம்பு படும் பாட்டை வெப்பம், ஈரப்பதம், நேரடி வெயில், காற்று நான்கும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அமெரிக்க மரைன் படையின் பயிற்சி முகாம்களில் வெப்பத்தால் வீரர்கள் விழுந்துகொண்டிருந்ததால்தான் 1950களில் இந்த நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் ஓர் அளவீட்டை உருவாக்கினார்கள். இன்றும் ராணுவத்திலும் விளையாட்டிலும் அதைப் பார்த்துத்தான் பயிற்சியை நிறுத்துவதா தொடர்வதா என்று முடிவு செய்கிறார்கள். இதற்கு மேல் கனமான சீருடை, பாதுகாப்புக் கவசம், முந்தின இரவு தூக்கமின்மை, லேசான காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மது என்று ஏதாவது சேர்ந்தால் மிதமான நாளிலும் ஆள் விழலாம்.

வீட்டை விட்டு வெளியே போகாத பாட்டிக்கு எப்படி வரும்?

2003 கோடையில் ஐரோப்பாவில் அடித்த வெப்ப அலையில் 70,000-க்கும் அதிகமானோர் கூடுதலாக இறந்ததாகக் கணக்கிடப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். பலர் வெயிலையே பார்க்காமல் தங்கள் வீட்டுக்குள் இறந்தவர்கள்.

வயதாக ஆக வியர்வை குறையும், தாக உணர்வு மங்கும், தோலுக்கு ரத்தத்தைத் தள்ளும் பலம் இதயத்துக்குக் குறையும். மருந்துகளும் சேர்ந்துகொள்ளும்: நீர் பிரியச் செய்யும் மாத்திரைகள், பீட்டா பிளாக்கர் வகை ரத்த அழுத்த மாத்திரைகள், சில மனநல மருந்துகள், சளிக்கும் அரிப்புக்கும் எடுக்கும் சில ஒவ்வாமை மாத்திரைகள். இவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கோடை தொடங்கும்போதே மருத்துவரிடம் கேளுங்கள். இரவிலும் சூடு தணியாத நாட்கள் தொடர்ந்து வந்தால் உடம்புக்கு ஓய்வே கிடைக்காது. அப்படிப்பட்ட மூன்றாம் நாளில் "பாட்டி இன்னிக்கு ஏதோ மாதிரி பேசறாங்க" என்று தோன்றினால் அதை வயதின் மேல் போட்டுவிட்டுப் போகாதீர்கள். இந்த வகைதான் எளிதில் கண்ணில் படாமல் போகிறது. விழுந்து கிடப்பவரைச் சுற்றிக் கூட்டம் கூடும், கட்டிலில் தூங்குவதுபோல் கிடப்பவரை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

மின்விசிறி போட்டால் போதாதா?

காற்று தோலைவிடக் குளிர்ந்திருக்கும்வரை நல்லதுதான். தோலின் சூடு ஏறக்குறைய 35 டிகிரி. அதைவிடச் சூடான காற்றை வறண்ட உடம்பின் மேல் வீசினால் அடுப்பு ஊதுவதுபோலத்தான். 40 டிகிரிக்கு மேல் மின்விசிறி உடம்பை இன்னும் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. உடம்பை நனைத்துவிட்டு வீசினால் கதை வேறு, ஆவியாதல் வேலை செய்யும்.

பூட்டிய காருக்குள் பத்து நிமிடம் குழந்தையை விட்டுப் போவது?

ஒரு நிமிடம்கூடக் கூடாது. வெளியே 22 டிகிரி மட்டுமே இருந்தாலும் வெயிலில் நிற்கும் காரின் உள்ளே ஒரு மணி நேரத்தில் 47 டிகிரி வரை போகும் என்று அளந்திருக்கிறார்கள். அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே நடந்துவிடும். கண்ணாடியைச் சற்று இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட வெகுவேகமாகச் சூடேறும்.

தண்ணீர் நிறையக் குடித்துக்கொண்டே இருந்தால் எதுவும் வராதுதானே?

வெப்பச் சோர்வைத் தள்ளிப்போட அது உதவும். ஆனால் கடும் வெயிலில் கடுமையாக உழைப்பவருக்கு வயிறு நிறையத் தண்ணீர் இருந்தும் ஹீட் ஸ்ட்ரோக் வரலாம். உண்டாகும் சூட்டுக்கும் வெளியேறும் சூட்டுக்கும் இடையில் விழும் பள்ளத்தைத் தண்ணீர் மட்டும் நிரப்பிவிடாது. வேகத்தைக் குறைத்து ஓய்வெடுத்தால்தான் நிரம்பும்.

அளவுக்கு மிஞ்சிக் குடிப்பதிலும் ஆபத்து உண்டு. மணிக்கணக்கில் ஓடுபவர் வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு என்று அதுவும் ஹீட் ஸ்ட்ரோக்போலவே இருக்கும். அவருக்கு மேலும் தண்ணீர் கொடுப்பது கொல்லும். வயிறு உப்பலாக இருக்கிறதா, விரல் மோதிரம் இறுகியிருக்கிறதா, நிறையக் குடித்தாரா என்று கேட்டு ஆம்புலன்ஸ் ஆட்களிடம் சொல்லுங்கள். வெயிலில் வேலை செய்பவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர். மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம்.

சில இடங்களில் "வெப்பப் பக்கவாதம்" என்று எழுதியிருக்கிறார்கள். கை கால் விழுந்துவிடுமா?

'ஸ்ட்ரோக்' என்ற சொல்லை அப்படியே பெயர்த்ததால் வந்த குழப்பம். பக்கவாதம் என்பது மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ வருவது. இங்கே 'ஸ்ட்ரோக்' என்பதற்கு அடி, தாக்கு என்றுதான் பொருள். சன் ஸ்ட்ரோக் என்று பழைய ஆட்கள் சொல்வதும் இதைத்தான். வெயிலில் விழுந்தவருக்கு வாய் ஒரு பக்கம் கோணியிருந்தால், ஒரு கையை மட்டும் தூக்க முடியவில்லை என்றால், அது உண்மையான பக்கவாதமாகவே இருக்கலாம். அதை ஆம்புலன்ஸுக்குத் தனியாகச் சொல்லுங்கள்.

வேறு எதெல்லாம் இதுபோலவே தோன்றும்?

நீரிழிவு மருந்து எடுப்பவருக்கு ரத்தச் சர்க்கரை இறங்கினாலும் வியர்வையும் உளறலும் வரும். குளுக்கோமீட்டர் இருந்தால் பாருங்கள். வெயிலில் வெகுநேரம் நின்றவர் சட்டென்று மயங்கி, படுத்ததும் ஓரிரு நிமிடத்தில் தெளிவாக எழுந்துவிட்டால் அது கால்களில் ரத்தம் தேங்கியதால் வந்த மயக்கம். மூளைக்காய்ச்சலிலும் கடும் மலேரியாவிலும் உயர்ந்த சூடும் குழப்பமும் சேர்ந்தே வரும். வெயிலில் இருந்தவர், உடம்பு சுடுகிறது, புத்தி தடுமாறுகிறது என்றால் குளிர வைத்துக்கொண்டே ஆளை அனுப்புங்கள், பெயர் வைப்பதை மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

புதிதாக வெயில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். உடம்பு எப்போது பழகும்?

ஒன்று முதல் இரண்டு வாரம். அதற்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதில் உப்பு குறையும். வெயிலில் இறக்கும் தொழிலாளர்களில் பெரும்பாலோர் முதல் சில நாட்களிலேயே இறக்கிறார்கள் என்பதால், புதியவருக்கு முதல் நாள் முழு வேலையில் 20 சதவீதம், பிறகு நாளுக்கு 20 சதவீதம் கூட்டுவது என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது. மேஸ்திரியிடம் போய் இதைச் சொன்னால் சிரிப்பார் என்று தெரியும். குறைந்தபட்சம் பழைய ஆட்களோடு போட்டி போடாதீர்கள். சில வாரம் விடுப்பில் போய் வந்தால் பழக்கம் கரைந்துவிடும், மறுபடி முதலிலிருந்துதான்.

தண்ணீர் ஊற்றியதும் ஆள் எழுந்து உட்கார்ந்து நன்றாகப் பேசுகிறார். இனியும் மருத்துவமனை வேண்டுமா?

வேண்டும். கல்லீரல் பாதிப்பு ரத்தப் பரிசோதனையில் முழுதாகத் தெரிய ஒன்று முதல் மூன்று நாள் ஆகலாம். தசைகள் சிதைந்திருந்தால் சிறுநீர் அடர்ந்த தேநீர் நிறத்தில் போகும், அது சிறுநீரகத்தை அடைத்துவிடக்கூடும். ரத்தம் உறைவதில் வரும் கோளாறும் பிறகுதான் தலைகாட்டும்.

வீடு திரும்பிய பிறகு குறைந்தது ஒரு வாரம் உடற்பயிற்சி எதுவும் கூடாது. பரிசோதனை முடிவுகள் சரியான பிறகு முதலில் குளிர்ச்சியான இடத்தில் லேசாகத் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்லக் கூட்டி, கடைசியில்தான் வெயிலுக்கு வர வேண்டும். சிலருக்கு மாதக்கணக்கில் வெயில் தாங்காது. சிலருக்கு நடையில் தள்ளாட்டமும் மறதியும் தங்கிவிடுவதுண்டு. சீக்கிரம் குளிர வைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் முழுதாகத் தேறிவிடுகிறார்கள். மருத்துவரிடம் போகும்போது, விழுந்த நேரம் என்ன, தண்ணீரில் இறக்கிய நேரம் என்ன என்று குறித்து எடுத்துப் போங்கள். அவர் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.